ரோலா அடுக்ககங்களில் நிழல் தோட்டம்: அமில மண் விரும்பும் செடிகளைச் சுண்ண நிலத்தில் வளர்த்தல்

ரோலாப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ ஓர் இட்லிப்பூச் செடியோ இருப்பதைக் காணலாம். இச்செடிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் வாங்கப்படுகின்றன. சில மாதங்கள் தழைத்து நின்றபின் அவற்றின் தளிரிலைகள் வெளிறத் தொடங்குகின்றன. நீர் போதவில்லை எனக் கருதி நீர் கூட்டப்படுகிறது. உரம் போதவில்லை எனக் கருதி உரம் இடப்படுகிறது. இரண்டும் பயன் தராமல் செடி பட்டுப்போக, அடுத்த குளிர்காலத்தில் மற்றொரு செடி வாங்கப்படுகிறது.

இந்த இழப்பு பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது. செடி வாடுவதற்கு நீர்க் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதபோது, மண்ணிலும் நீரிலும் உள்ள சுண்ணமே காரணமாக இருக்க வாய்ப்புண்டு. அமில மண்ணை விரும்பும் செடிகள் எவை, இங்குள்ள நிலம் அவற்றுக்கு ஏன் ஒவ்வாது, சிறிய பால்கனியில் அவற்றைக் கொண்டு காட்டின் அமைப்பைப் போன்ற நிழல் தோட்டத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நீலகிரி மண்ணும் ஷார்ஜா மணலும்

மண்ணின் அமிலத்தன்மையும் காரத்தன்மையும் பி.எச். என்னும் அளவால் குறிக்கப்படுகின்றன. அளவுகோலில் 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஒவ்வோர் எண்ணும் அடுத்த எண்ணிலிருந்து பத்து மடங்கு வேறுபடுகிறது. ஆகவே பி.எச். 5 உள்ள மண், பி.எச். 8 உள்ள மண்ணைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை உடையது.

அமில மண் என்பது எத்தகையது என்பதற்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு நீலகிரி மலை. அங்குப் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணத்தை நெடுங்காலமாகக் கரைத்து வெளியேற்றியுள்ளது. சோலைக்காடுகளில் உதிரும் இலைகள் மட்கி மண்ணில் மேலும் அமிலத்தைச் சேர்க்கின்றன. தேயிலை செழிப்பது இத்தகைய மண்ணிலேயே; அது பி.எச். 4.5 முதல் 5.5 வரை உள்ள நிலத்தைப் பெரிதும் விரும்பும். நீலகிரியின் புல்வெளிகளிலும் சோலை ஓரங்களிலும் சிவந்த பூக்களுடன் நிற்கும் ரோடோடென்ட்ரான் மரமும் அமில மண்ணுக்கு உரியதே. 1848இல் வில்லியம் கிரகாம் மக்ஐவர் உதகமண்டலத்தின் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கியபோதும், 1874இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா தொடங்கப்பட்டபோதும், அம்மண்ணின் இயல்பு தோட்டக்காரர்களுக்குத் துணைநின்றது. மலைப்பகுதித் தோட்டங்களில் நீல நிறத்தில் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பலர் பார்த்திருக்கலாம். அமில மண்ணில் அலுமினியம் செடிக்கு எளிதில் கிடைப்பதால் அப்பூ நீலமாகிறது. அதே செடி கார மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

ஷார்ஜாவின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. சுண்ணத்தைக் கரைத்து அகற்ற அது போதாது. கடலோர மணலில் சிப்பி, சங்கு, பவளம் ஆகியவற்றின் துகள்கள் மிகுதியாகக் கலந்துள்ளன. அவை அனைத்தும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணம். இத்தகைய மண்ணின் பி.எச். பொதுவாக 8ஐ ஒட்டி நிற்கும்.

வாங்கிய மணலில் சுண்ணம் உள்ளதா என்பதை வீட்டிலேயே அறியலாம். உலர்ந்த மணலில் ஒரு தேக்கரண்டி எடுத்து, அதன்மீது சமையலறை வினிகரைச் சில துளிகள் விட வேண்டும். நுரை எழுந்தால் அதில் சுண்ணம் உண்டு. இங்குள்ள நாற்றங்கால்களில் ‘ஸ்வீட் சாண்ட்’ என விற்கப்படும் மணலையும் இவ்வாறு சோதிப்பது நல்லது. அப்பெயர் மணலில் உப்பு குறைவு என்பதையே குறிக்கிறது; சுண்ணம் இல்லை என்பதைக் குறிக்கவில்லை.

செடி வாடும் முறையை அறிதல்

கார மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது கரையாத நிலையில் இருக்கிறது. பி.எச். ஓர் எண் உயரும்போது இரும்பின் கரைதிறன் பல நூறு மடங்கு குறைகிறது. வேர் உறிஞ்சுவது கரைந்த இரும்பை மட்டுமே. இரும்பு கிடைக்காத செடியால் போதிய பச்சையத்தை உருவாக்க இயலாது. இக்குறை பச்சையச் சோகை எனப்படும்.

இலை மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. ஆகவே மருந்துக்கு முன் காரணத்தை அறிதல் வேண்டும். தளிரிலைகள் முதலில் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோல் நின்றால், அது பெரும்பாலும் இரும்புக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால், அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. இலைகளின் நுனியும் ஓரமும் கருகினால், மண்ணில் உப்புச் சேர்ந்திருக்கலாம். மண் எந்நேரமும் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் தொய்ந்தால், வேர் அழுகியிருக்கலாம். முதல் வகைச் செடிக்கு மேன்மேலும் நீர் ஊற்றுவது, அதனை நான்காம் வகைக்குக் கொண்டுசெல்லும்.

நிலத்தை மாற்ற இயலுமா?

வில்லா வீடுகளில் தரையிலேயே இச்செடிகளை நட விரும்புவோர், கந்தகத்தூளை இட்டு மண்ணை அமிலமாக்கலாம் எனக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். மழைவளம் மிக்க நாடுகளில் இம்முறை பயன்படுகிறது. சுண்ணம் நிறைந்த மணலில் அது ஏன் பயன்படாது என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில், 30 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மணலின் எடை ஏறத்தாழ 450 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு சுண்ணம் எனக் கொண்டால், சுண்ணத்தின் எடை 90 கிலோ. 100 கிராம் சுண்ணத்தைக் கரைத்துத் தீர்க்க 32 கிராம் கந்தகம் தேவை. அதாவது ஒரே ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 29 கிலோ கந்தகம் இட வேண்டும். அவ்வளவு இட்டால் மண்ணில் உருவாகும் ஜிப்சமும் பிற உப்புகளும் செடிக்குத் தீங்காகும். குறைவாக இட்டால், எஞ்சிய சுண்ணம் பி.எச். அளவை மீண்டும் உயர்த்திவிடும்.

எனவே அமிலம் விரும்பும் செடிகளைப் பொறுத்தவரை, நிலத்தைத் திருத்த முயல்வதைவிடச் சுண்ணமற்ற கலவையைத் தொட்டியில் நிரப்பி வளர்ப்பதே முறை. பால்கனியில் மட்டுமே இடம் உள்ளோர் இதில் பின்தங்கியவர் அல்லர். வில்லாவில் வாழ்வோரும் இதற்குத் தொட்டியையே நாட வேண்டியிருக்கும்.

தொட்டியும் கலவையும்

கலவையின் அடிப்படைப் பொருளாகத் தென்னை நார்க் கழிவைப் பயன்படுத்தலாம். ‘கோகோபீட்’ என்னும் பெயரில் கட்டிகளாக விற்கப்படும் இப்பொருள், பொள்ளாச்சி உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. இதன் பி.எச். பொதுவாக 5.5 முதல் 6.5 வரை இருக்கும். இதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், நீரில் ஊறவைத்து இருமுறையேனும் அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். ‘பீட் மாஸ்’ இதனினும் அமிலமானது, அதன் பி.எச். ஏறத்தாழ 4.

கோகோபீட் நான்கு பங்கு, பீட் மாஸ் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்னும் அளவில் கலந்தால், நீர் தேங்காத, எடை குறைந்த கலவை கிடைக்கும். இட்லிப்பூ போன்ற புதர்ச்செடிக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி பொருத்தமானது.

சில பழக்கங்களை விட்டுவிடுதல் நன்று. முட்டை ஓடு முழுவதும் சுண்ணமே. அடுப்புச் சாம்பலும் காரத்தன்மை உடையது. இவை ஊரின் அமிலச் செம்மண்ணில் நன்மை செய்திருக்கலாம். இங்கு இவ்வகைச் செடிகளுக்குத் தீமையே செய்யும். தொட்டியின் அடியில் கடற்கரைச் சிப்பியையோ பளிங்குக் கல்லையோ இடுதல் கூடாது. சிமெண்டுத் தொட்டியிலிருந்தும் சுண்ணம் கசியும். பிளாஸ்டிக் அல்லது உள்ளே மெருகிட்ட மண் தொட்டியே ஏற்றது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை நீர்விட்டு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மோரிலுள்ள அமிலம் சிறிதளவே. சுண்ணம் நிறைந்த மணலில் அது உடனே செயலிழந்துவிடும். சுண்ணமற்ற கலவையில் எப்போதாவது ஊற்றுவதால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் அதனை மருந்தாகக் கருதலாகாது.

நீரும் இரும்புச் சத்தும்

நல்ல கலவையில் நட்ட செடியும் ஓராண்டுக்குப் பின் வெளிறுவதுண்டு. அதற்குக் காரணம் குழாய்நீர். கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறும் நீர், குழாய்களை அரிக்காமல் இருக்கவும் குடிக்கத் தகுதி பெறவும் அதில் சுண்ணமும் பிற தாதுக்களும் ஓரளவு சேர்க்கப்படுவது வழக்கம். குடிநீருக்கு அது தேவையானதே. ஆனால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டியில் சிறிது சுண்ணம் சேர்கிறது. இதனைக் கருத்திற்கொண்டு ஈராண்டுக்கு ஒருமுறை கலவையைப் புதுப்பித்தல் வேண்டும்.

ஏ.சி. இயந்திரத்திலிருந்து வடியும் நீர், காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து உருவாவது; அதில் சுண்ணம் இராது. ஈரக்காற்று மிகுந்த கோடையில் அது நாள்தோறும் ஒரு வாளி அளவேனும் கிடைக்கக்கூடும். அதனை வாளியில் பிடித்து அழகுச் செடிகளுக்கு ஊற்றலாம். ஆயினும் இயந்திரத்தின் உலோகச் சுருளிலும் தூசியிலும் பட்டு வருவதால், கறிவேப்பிலை போன்று உண்ணும் செடிகளுக்கு அதனைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. வாளியை மூடி வைத்தலும், தொட்டித் தட்டில் தேங்கும் நீரை அகற்றுதலும் கட்டாயம். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

வெளிறிய செடிக்கு இரும்புச் சத்து வாங்குவோர், பொட்டலத்தின்மீது அச்சிடப்பட்டுள்ள வகையைப் படித்து வாங்க வேண்டும். எல்லா இரும்பு உரங்களும் எல்லா மண்ணிலும் பயன்படுவதில்லை. ஈ.டி.டி.ஏ. என்னும் கீலேட் வகை, பி.எச். 6.5 அளவைத் தாண்டினால் வலுவிழக்கும். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை பயன்படும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை 9 வரையிலும் செயல்படும். விலை கூடுதலாயினும் இங்குள்ள நிலைக்கு ஏற்றது அதுவே. கருஞ்சிவப்பான அத்தூளைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் நீரில் கரைத்து, வெயில் சாய்ந்தபின் மண்ணில் ஊற்ற வேண்டும். அது தரையிலும் துணியிலும் கறை படுத்தும். சாதாரண ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சுண்ண மண்ணில் இட்டால் பெரும்பயன் இல்லை. எனினும் மல்லிகை போன்ற பூச்செடிகளின் இலையில், ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் என்னும் அளவில் கரைத்து மாதம் ஒருமுறை தெளிக்கலாம். குணம் தெரிவது புதிதாக வரும் தளிரில்தான். பழைய இலைகள் முழுமையாகப் பச்சை நிறம் பெறாமலும் போகலாம்.

நிழல் தோட்டத்தின் அடுக்குகள்

காட்டில் மேலே மரக்கிளைகள், இடையே புதர்கள், கீழே பெரணியும் சருகும் என மூன்று அடுக்குகள் உள்ளன. மேலடுக்கு வெயிலைத் தடுக்கிறது. இடையடுக்கு ஈரக்காற்றைத் தேக்குகிறது. சருகு வேரைக் குளிர்விக்கிறது. 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பால்கனியிலும் இவ்வமைப்பை உருவாக்க இயலும்.

மேலடுக்கின் ஒரு பகுதியை மேல்தளத்து பால்கனியே தருகிறது. மிகுந்த வெயில் படும் மூலையில், பெரிய தொட்டியில் கறிவேப்பிலையை வைக்கலாம். அதற்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. அதன் நிழல் மற்றச் செடிகளைக் காக்கும். மேற்கு நோக்கிய பால்கனியில் 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டுவது அவசியம். கிழக்கு நோக்கிய பால்கனிக்குக் காலை வெயில் மட்டும் கிடைப்பதால் அதுவே மிகச் சிறந்தது.

இடையடுக்குக்கு இட்லிப்பூவும் கார்டினியாவும் உகந்தவை. புறத்திணைகளுள் ஒன்றுக்குப் பெயர் தந்த வெட்சியே இன்று இட்லிப்பூ என வழங்குகிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இச்செடி வெப்பத்தைத் தாங்கும். சுண்ணத்தை மட்டுமே தாங்காது. கார்டினியாவுக்கு இளங்காலை வெயிலும் அதன்பின் நிழலும் வேண்டும். கீழடுக்கில் பெரணிகளையும் வண்ண இலைகளையுடைய கலாடியத்தையும் வைக்கலாம். தொட்டி மண்ணின்மீது உலர்ந்த இலைகளையோ மரப்பட்டைத் துண்டுகளையோ இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்பினால் ஈரம் நிலைக்கும்.

தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கமாகக் கூட்டி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். கறுப்புத் தொட்டிகள் வெயிலில் பெரிதும் சூடேறும். அவற்றை வெளிர்நிறத் தொட்டிக்குள் வைக்கலாம். ஏ.சி. வெளி இயந்திரத்தின் சூடான காற்று வீசும் திசையில் எச்செடியையும் வைக்கலாகாது.

தேயிலை, ரோடோடென்ட்ரான், அசேலியா போன்றவற்றை முயல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுக்கு அமில மண்ணோடு குளிர்ந்த இரவுகளும் தேவை. கலவையால் முதல் தேவையை நிறைவு செய்யலாம். இரண்டாவதை 40 பாகையைக் கடக்கும் ஷார்ஜாக் கோடையில் எவராலும் திறந்த பால்கனியில் தர இயலாது.

கட்டட விதிகளும் எல்லை விதிகளும்

தோட்டம் அமைக்கும் முன், குத்தகை ஒப்பந்தத்தையும் கட்டட நிர்வாகத்தின் விதிகளையும் படித்தறிதல் வேண்டும். நிழல்வலை கட்டவும் சுவரில் துளையிடவும் முன் அனுமதி பெறுவது பின்னர் எழக்கூடிய தகராறுகளைத் தவிர்க்கும். கைப்பிடிச் சுவரின்மீது தொட்டியை வைத்தல் கூடாது. உயரத்திலிருந்து விழும் ஒரு தொட்டி உயிரிழப்புக்குக் காரணமாகலாம். செடிக்கு ஊற்றும் நீர் கீழ்த்தள வீட்டிலும் நடைபாதையிலும் சொட்டாமல் பார்த்துக்கொள்வது குடியிருப்பவரின் பொறுப்பு. 50 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் மணலை நிரப்பி நீர் ஊற்றினால் அதன் எடை 80 கிலோவைக் கடக்கும். மேற்கூறிய கலவை இதனினும் பெரிதும் எடை குறைந்தது.

விடுமுறையில் ஊர் சென்று திரும்புவோர், வேர்மண்ணோடு கன்றுகளைப் பயணப் பெட்டியில் கொண்டுவர விரும்புவது இயல்பே. ஆயினும் உயிருள்ள தாவரங்களைக் கொண்டுவருவதற்கு, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் அமீரகத்தின் பருவநிலை மாற்றம் மற்றும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இறக்குமதி அனுமதியும் தேவைப்படும். மண்ணின் வழியே புழுக்களும் பூஞ்சைகளும் பரவும் என்பதே இவ்விதிகளின் நோக்கம். கறிவேப்பிலையும் இட்லிப்பூவும் உள்ளூர் நாற்றங்கால்களிலேயே கிடைப்பதால், இந்த இடரை ஏற்கத் தேவையில்லை.

பருவமும் விடுமுறையும்

நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர் மாதங்கள். கோடைக்கு முன் வேர் ஊன்ற அப்போது ஆறு மாதம் கிடைக்கும். ஏப்ரல் மாதத்தில் நிழல்வலையைக் கட்டிவிட வேண்டும். கடுங்கோடையில் உரமிடுதலையும் கிளை வெட்டுதலையும் நிறுத்திவிட வேண்டும். ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை, தொட்டியின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு மிகுதியாக நீரூற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குச் செல்லும் சூலை, ஆகஸ்டு மாதங்களே செடிகளுக்குக் கடினமான காலம். செல்லுமுன் தொட்டிகளை நிழலான மூலைக்கு நகர்த்தி, அண்டை வீட்டாரிடம் எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துச் செல்வது நல்லது. அழகுச் செடிகளுக்கு ஏ.சி. நீர், கறிவேப்பிலைக்குக் குழாய்நீர் எனத் தொட்டிகளில் குறித்து வைத்தால் அவர்களுக்கு எளிதாகும்.

தரையில் நட விரும்புவோர்

தரையில் மரம் நட இடமுள்ளோர், இந்நிலத்தை ஏற்கும் மரங்களைத் தேர்ந்துகொள்ளலாம். வேம்பும் பூவரசும் சுண்ண மணலைத் தாங்குபவை. 2008இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட காஃப் மரம் இம்மணலுக்கே உரியது. ரோலா என்னும் பெயரே, இங்கு நின்ற ஆலமரத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டதாகக் கூறப்படும் அம்மரம், 1978இல் வீழும்வரை தன் நிழலில் மக்களைக் கூடச் செய்தது. அதன் நினைவுச் சின்னம் இன்றும் ரோலாச் சதுக்கத்தில் உள்ளது. ஆலுக்குச் சுண்ணம் தடையாக இருக்கவில்லை. வெட்சிக்கும் கறிவேப்பிலைக்கும் அது தடையே. எனவே அவற்றைத் தொட்டியிலும், வேம்பு போன்றவற்றைத் தரையிலும் நடுவது பொருத்தமாகும். இப்பருவத்தில் புதிய செடி வாங்க எண்ணுவோர், அதற்கு முன் பழைய தொட்டியிலுள்ள மணலில் சில துளி வினிகரை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.